குறைமாதச் சிசுவும் மருந்தின் அளவும்

நெருப்புக் காய்ச்சலுக்கு நேரான மருந்து 1948ஆம் ஆண்டிலேயே கிடைத்தது. அதற்கு முன்னர், நோயாளியைப் படுக்கையிற் கிடத்தி, நீராகாரம் கொடுத்து, மூன்று நான்கு வாரங்கள் காத்திருப்பதே வைத்தியமாக இருந்தது. தென்னமெரிக்காவில், வெனிசுவெலா நாட்டின் தலைநகராகிய கராக்காசுக்கு அண்மையில் எடுக்கப்பட்ட மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிர் ஒன்று அம்மருந்தைத் தந்தது. அமெரிக்காவின் பார்க் டேவிஸ் நிறுவனத்து ஆய்வாளர் 1947இல் அதனைப் பிரித்தெடுத்தனர். அடுத்த ஆண்டில், சிற்றுண்ணிகளாற் பரவும் ஒருவகைக் காய்ச்சலுக்கு அதனைக் கொடுத்துப் பார்க்கும் நோக்கத்தோடு சிமடெல், உட்வேட் முதலிய அமெரிக்க வைத்தியர்கள் மலாயாவிலுள்ள கோலாலம்பூருக்குச் சென்றனர். உண்ணிக் காய்ச்சல் என்று எண்ணி மருந்து கொடுக்கப்பட்டவர்களுட் சிலருக்கு இருந்தது நெருப்புக் காய்ச்சல் என்பது பின்னர் தெரிய வந்தது. அவர்களும் குணமடைந்தனர். இவ்வாறு தற்செயலாய் வெளிப்பட்டது குளோரம்பெனிக்கோல் என்ற மருந்தின் பெரும் பயன்.

வாயால் உட்கொள்ளத்தக்கது, பலவகைக் கிருமிகளை ஒருங்கே அடக்குவது, ஆய்வுகூடத்தில் இரசாயன முறையாலேயே ஆக்கத்தக்கது. இத்தகைய மருந்தை வைத்தியசாலைகள் இருகை நீட்டி வரவேற்றதில் வியப்பில்லை. பத்தாண்டு கழியுமுன் அது குறைமாதச் சிசுக்களின் விடுதிகளுக்குள்ளும் புகுந்தது. அங்கு நிகழ்ந்ததே இப்பேச்சின் பொருள்.

குறைமாதத்திற் பிறந்த சிசுவைக் காப்பாற்றும் முயற்சி அதற்கு முன்னரே தொடங்கியிருந்தது. 1880களில் பாரிஸ் நகரத்துத் தார்னியே என்பவர் சிசுக்களை வெதுவெதுப்பான பெட்டியில் வைத்து வளர்க்கும் முறையைக் கொண்டுவந்தார். வெப்பம், தாய்ப்பால், தூய்மை என்னும் மூன்றுமே அந்நாளில் அச்சிசுக்களுக்கு வைத்தியம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிருமிகொல்லி மருந்துகள் வந்தபோது வைத்தியர்களின் நம்பிக்கை பெருகியது. குறைமாதச் சிசுவைக் கிருமி தாக்கினால் காய்ச்சல்கூட வருவதில்லை. பால் குடிக்க மறுக்கும், சோர்ந்து கிடக்கும், சில மணி நேரத்தில் மடியும். நோய் தெரிந்தபின் மருந்து கொடுப்பது காலந்தாழ்த்திய செயலாகிவிடும் என்று வைத்தியர்கள் அஞ்சினர். ஆகவே நோய் வருமுன்னரே மருந்து கொடுப்பது பல இடங்களில் வழக்கமாயிற்று. அன்பினாலும் அச்சத்தினாலும் பிறந்த வழக்கம் அது.

எவ்வளவு கொடுப்பது என்ற கேள்விக்கு அக்காலத்தில் இருந்த விடை மிக எளிது. குழந்தையின் நிறையை இறாத்தலிற் கணித்து, 150ஆல் வகுத்து, வளர்ந்தவரின் அளவில் அவ்விகிதத்தைக் கொடு என்றது ஒரு விதி. வயதை, வயதோடு பன்னிரண்டைக் கூட்டிய தொகையால் வகுக்க வேண்டும் என்றது இன்னொரு விதி. இவ்விதியின்படி அன்று பிறந்த குழந்தையின் வயது சுழியமாதலின் அதற்குரிய மருந்தும் சுழியமே ஆகும். விதியை வகுத்தவர் அதனை எண்ணி வகுத்திருக்கமாட்டார். ஆயினும் பிற்காலத்து நிகழ்ச்சிகளை நோக்கும்போது அந்தச் சுழியத்தில் ஓரளவு உண்மை இருந்ததென்றே சொல்லலாம். இவ்விதிகளின் அடியில் இருந்த எண்ணம் ஒன்றுதான்: சிசு என்பது சிறிய மனிதன். உடலைச் சுருக்கினால் மருந்தையும் அவ்வளவுக்குச் சுருக்கினாற் போதும். இந்த எண்ணம் பிழை என்பதைக் காட்டிய முதற் செய்தி நியூயோர்க் நகரத்திலிருந்து வந்தது.

அந்நகரத்துக் குழந்தைகள் வைத்தியசாலையில் குறைமாதச் சிசுக்களைப் பராமரித்தவர் வில்லியம் சில்வர்மன். நோயைத் தடுப்பதற்காகப் பெனிசிலினையும் சல்பிசொக்சசோல் என்ற சல்பா மருந்தையும் சேர்த்துக் கொடுப்பது அங்கு வழக்கமாயிருந்தது. அதற்குப் பதிலாக ஒக்சிரெற்றாசைக்கிளின் என்ற புதிய மருந்தைக் கொடுக்கலாமா என்ற யோசனை எழுந்தது. சில்வர்மன் தமது விருப்பப்படி மருந்தை மாற்றவில்லை. முன்னொருகால் கண்நோய்க்கு நல்லதென்று தாம் நம்பிய சிகிச்சையொன்று, முறையாக ஒப்பிட்டுப் பார்த்தபோது பயனற்றதென வெளிப்பட்டதை அவர் அறிந்திருந்தார். ஆகவே, எந்தச் சிசுவுக்கு எந்த மருந்து என்பதைச் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையினால் தீர்மானித்தார்கள்.

முடிவு 1956இல் வெளிவந்தது. பழைய மருந்தைப் பெற்ற சிசுக்களே கூடுதலாக இறந்திருந்தன. நோயியல் அறிஞர் டொரத்தி அண்டர்சனும் அவ்வாய்விற் பங்குகொண்டவர். இறந்த சிசுக்களின் மூளையைச் சோதித்தபோது, அதன் உட்பகுதிகளில் மஞ்சள் நிறம் படிந்திருக்கக் காணப்பட்டது. பிறந்த குழந்தைகளுக்கு வரும் செங்கமாரியில் உடலை மஞ்சளாக்கும் பிலிருபின் என்ற பொருளே மூளைக்குள்ளும் புகுந்திருந்தது. ஆனால் இங்கு ஒரு புதிர் இருந்தது. சல்பா மருந்து பெற்ற சிசுக்களின் குருதியில் பிலிருபின் அதிகமாக இருக்கவில்லை. குறைந்த அளவு உள்ளபோதே மூளை கெட்டிருந்தது. குருதியைச் சோதித்தவர் நலமென்றே கூறியிருப்பர்.

புதிரை 1959இல் அவிழ்த்தவர் ஜெராட் ஒடெல் என்பவர். குருதியில் அல்புமின் என்ற புரதம் உண்டு. பிலிருபின் தனித்துத் திரியாமல் அப்புரதத்தோடு ஒட்டிக்கொண்டு செல்கின்றது; ஒட்டியிருக்கும் வரையில் மூளைக்குள் நுழைய அதனால் இயலாது. சல்பா மருந்தும் அதே புரதத்தில் ஒட்டுவது. மருந்து ஏறி அமர்ந்தபோது பிலிருபின் இருக்கையை இழந்தது. இருக்கை இழந்தது குருதியை விட்டு மூளைக்குட் சென்றது. குருதியில் அளவு குறைந்து தோன்றியமைக்கும் மூளையில் மிகுந்தமைக்கும் காரணம் ஒன்றே. வளர்ந்த மனிதரில் ஈரல் பிலிருபினை உடனுக்குடன் மாற்றி வெளியேற்றிவிடுவதால் இந்த ஆபத்து இல்லை. குறைமாதச் சிசுவிலோ புரதமும் குறைவு, ஈரலின் வேலையும் குறைவு.

இச்செய்தி பரவிக்கொண்டிருந்த காலத்திலேயே, நாட்டின் மறுகரையிலுள்ள லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் இன்னொரு கணக்கெடுப்பு நடந்தது. குளோரம்பெனிக்கோல் மீண்டும் நம் கதைக்குள் வருவது இங்கேதான். தாயின் பன்னீர்க்குடம் உடைந்து 24 மணி நேரத்துக்கு மேற் சென்றபின் பிறக்கும் சிசுவைக் கிருமி தொற்றுவதற்கு இடமுண்டு. அவ்வாறு பிறந்த குறைமாதச் சிசுக்களுக்குத் தடுப்பாக எம்மருந்து சிறந்தது என்பதை அறிய, பேர்ன்ஸ், ஜோன் ஹொட்ஜ்மன், காஸ் என்ற மூவரும் சிசுக்களை நான்கு கூட்டமாகப் பிரித்தனர். முதற் கூட்டத்துக்கு மருந்தே இல்லை. இரண்டாவதற்குக் குளோரம்பெனிக்கோல். மூன்றாவதற்குப் பெனிசிலினும் ஸ்ரெப்ரோமைசினும். நான்காவதற்கு இம்மூன்றும்.

மருந்து பெறாத 32 சிசுக்களில் 6 இறந்தன. பெனிசிலினும் ஸ்ரெப்ரோமைசினும் பெற்ற 33இல் 6 இறந்தன. குளோரம்பெனிக்கோல் மட்டும் பெற்ற 30இல் இறந்தவை 18. எல்லா மருந்தும் பெற்ற 31இல் இறந்தவை 21. நூற்றுக்கு 19, 18, 60, 68 என்ற இந்நான்கு எண்களைப் போல மருத்துவ வரலாற்றில் நெஞ்சைச் சுடும் எண்கள் வேறு அதிகமில்லை.

இறந்த விதமும் ஒரேவகைப்பட்டதாக இருந்தது. மருந்து தொடங்கி மூன்று நான்கு நாள் சென்றதும் வயிறு உப்பும், பால் எதிரெடுக்கும், மூச்சு ஒழுங்கு தவறும். உடல் தளர்ந்து குளிர்ந்து, தோல் சாம்பல் நிறமாகும். அதன்பின் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ குருதியோட்டம் நிலைகுலைந்து உயிர் பிரியும். சாம்பல் நிறத்தைக் கொண்டே இந்நோய்க்குச் சாம்பற் குழந்தை நோய் எனப் பெயராயிற்று. அதே 1959இல் சதர்லாந்து என்ற வைத்தியரும் பெருமளவு குளோரம்பெனிக்கோல் பெற்ற சிசுக்கள் இவ்வாறே மடிந்ததை எழுதினார்.

அதுவரை இதனை ஒருவரும் காணாதது ஏன்? காணவில்லை என்பதைவிட, கண்டும் பிரித்தறிய இயலவில்லை என்பதே பொருந்தும். குறைமாதச் சிசு இறப்பது அக்காலத்தில் எதிர்பார்க்கப்பட்ட நிகழ்ச்சி. வயிறு உப்பி, நிறம் மாறி, குளிர்ந்து இறந்தால் கிருமியே காரணம் என்று எண்ணுவது இயல்பு. கிருமி வெல்கின்றது என்று கருதினால் மருந்தைக் கூட்டுவதும் இயல்பு. கட்டிலருகில் நின்ற எந்த வைத்தியரும், எவ்வளவு கூர்மையான கண்ணுடையவராயினும், தனியொரு சிசுவைப் பார்த்து இவ்வுண்மையை அறிந்திருக்க முடியாது. மருந்தே பெறாத அந்த 32 சிசுக்கள் அருகில் இருந்தமையாலேயே உண்மை வெளிப்பட்டது. மருந்து கொடாமல் விட்டது கொடுமை என்று அன்று எவரேனும் சொல்லியிருந்தால், அதற்கு உடனே மறுமொழி சொல்லுதல் எளிதாக இருந்திராது.

கொலை செய்தது மருந்து என்பது தெளிந்தது. எவ்வாறு செய்தது என்பதை 1960இல் வைஸ், கிளாஸ்கோ, வெஸ்ரன் ஆகியோர் விளக்கினர். உடலுக்குள் வரும் அந்நியப் பொருள்களிற் பலவற்றை ஈரல் நேராக வெளியே தள்ளுவதில்லை. குளுக்குரோனிக் அமிலம் என்ற, சர்க்கரையோடு உறவுடைய பொருளொன்றை அவற்றோடு பிணைத்து, நீரிற் கரையத்தக்கதாக்கி, பின்னரே சிறுநீரகத்துக்கு அனுப்புகின்றது. அப்பிணைப்பைச் செய்வது ஈரலிலுள்ள நொதியம். பிலிருபினை வெளியேற்றுவதும் இவ்வகைப் பிணைப்பே. கருப்பையிலுள்ள சிசுவுக்கு இந்நொதியம் பெரிதும் தேவைப்படுவதில்லை. கழிவுகளைத் தாயின் உடல் ஏற்றுக்கொள்கின்றது. எனவே அது பிறப்பின் பின்னரே வலுப்பெறுகின்றது. முன்னதாகப் பிறந்துவிட்ட சிசுவில் ஈரல் பிணைக்காது. பிணைத்ததையும் முதிராத சிறுநீரகம் மெதுவாகவே வடிக்கும். ஒவ்வொரு வேளையும் கொடுத்த மருந்து முந்திய வேளையின் மிச்சத்தின் மேல் ஏறியது. குளோரம்பெனிக்கோல் கிருமிகளில் புரதம் ஆக்கப்படுவதைத் தடுப்பது. அளவு மீறியபோது, மனிதக் கலங்களுக்குள் சக்தியைத் தரும் நுண்ணுறுப்புகளிலும் அதே தடையை விளைவித்தது. இதயம் ஓய்ந்தது.

குருதியிலுள்ள மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் நேரத்தைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். வளர்ந்த பிள்ளைகளில் அது ஏறக்குறைய நான்கு மணி நேரம். பிறந்து இரண்டாவது வாரத்திலுள்ள சிசுவில் பத்து மணி நேரமளவு. பிறந்து ஓரிரு நாளேயான சிசுவில் ஒரு முழு நாளுக்கும் சற்று அதிகம். லொஸ் ஏஞ்சலிஸ் சிசுக்கள் பெற்ற அளவு, நாளொன்றுக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 100 முதல் 165 மில்லிகிராம். ஆராய்ச்சிக்குப் பின் குறைமாதச் சிசுவுக்கு விதிக்கப்பட்ட உச்ச அளவு 25 மில்லிகிராம். அதுவும் வேறு வழியில்லாதபோது, குருதியில் மருந்தளவைச் சோதித்துக்கொண்டே கொடுக்க வேண்டியது.

இதிலிருந்து சிசுவின் உடலை வெறும் குறைபாடுகளின் தொகுதி என்று கொள்வதும் தவறாகும். பரசெற்றமோல் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளலாம். வளர்ந்தவரின் ஈரல் இதனைப் பெரும்பாலும் குளுக்குரோனிக் அமிலத்தோடு பிணைக்கின்றது. பிறந்த சிசுவின் ஈரல் அதனைச் செய்ய மாட்டாமையால் கந்தகச் சேர்க்கையொன்றைப் பிணைத்து அனுப்புகின்றது. அந்த வழி கருவிலேயே திறந்திருக்கும் வழி. பெருஞ்சாலை போடப்படுமுன் ஊரார் ஒற்றையடிப் பாதையால் நடப்பதைப் போன்றது இது. பல மருந்துகளைச் சிதைக்கும் நொதியக் குடும்பமொன்றில், கருவிலுள்ளபோது வேலைசெய்வது ஒன்று. பிறந்தபின் மாதக்கணக்கில் மெல்லமெல்ல அதனை விலக்கி இடம்பிடிப்பது அதன் உடன்பிறப்பான மற்றொன்று. சிறுநீரகத்தின் வடிகட்டிகள் கருவின் 36ஆம் வாரமளவிலேதான் முழுத்தொகையாக அமைந்து முடிகின்றன. 26 வாரத்திற் பிறந்த சிசு தன் சிறுநீரகத்தைக் கருப்பைக்கு வெளியே கட்டி முடிக்க வேண்டியிருக்கின்றது. அச்சிசுவின் உடலில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட பங்கு நீர். நீரிற் கரையும் மருந்து அதில் பரந்து ஐதாகிவிடுமாதலின், சில மருந்துகளில் ஒரு வேளைக்குரிய அளவைக் கூட்டி, வேளைகளுக்கிடையே உள்ள நேரத்தை நீட்ட வேண்டியதாகின்றது. குறைத்துக் கொடு என்ற ஒரு சொல்லால் தீர்க்கக்கூடிய காரியம் அன்று.

இவ்வறிவு உயிரைக் காத்ததற்கும் சான்று உண்டு. அது நாம் நாடோறும் பருகும் கோப்பியோடு தொடர்புடையது. குறைமாதச் சிசுக்கள் சிலவேளை மூச்செடுக்க மறந்துவிடுகின்றன. மூளையிலுள்ள மூச்சு நிலையம் முதிராமையே காரணம். 1973இல் இங்கிலாந்தில் குசெம்கோ, பாலா என்ற இருவர், ஈளை நோய்க்குக் கொடுக்கப்பட்டுவந்த தியோபிலின் வகை மருந்தைக் கொடுத்து அத்தடையைக் குறைத்தனர். சில ஆண்டுகளில் ஆய்வாளர் ஒரு விந்தையைக் கண்டனர். சிசுவுக்குக் கொடுத்தது தியோபிலின். குருதியிலோ கோப்பியின் சாரமாகிய கபீனும் இருந்தது. எவரும் அதைக் கொடுக்கவில்லை. சிசுவின் ஈரலே தியோபிலினைக் கபீனாக மாற்றியிருந்தது. வளர்ந்தவர் உடலிலும் அம்மாற்றம் சிறிது நிகழலாம். ஆயினும் உண்டான கபீன் உடனே சிதைந்துபோவதால் எவர் கண்ணிலும் படுவதில்லை. சிசுவில் அது சிதைவதில்லை, தேங்குகின்றது.

அவ்வாறாயின் கபீனையே கொடுத்தாலென்ன? கனடாவில் மொன்றியல் நகரத்து அராண்டாவும் அவரது துணைவர்களும் 1977இல் அதன் பயனை எழுதினர். ஒரு கோப்பை கோப்பியிலுள்ள கபீனில் பாதி, வளர்ந்தவர் உடலிலிருந்து ஐந்து மணி நேரமளவில் நீங்கிவிடும். குறைமாதச் சிசுவில் அதற்கு நூறு மணி நேரமளவு செல்லும். அதாவது நான்கு நாள். ஈரல் அதனைத் தொடாமையால் பெரும்பகுதி மாறாத கபீனாகவே சிறுநீரிற் கழிகின்றது. குளோரம்பெனிக்கோலில் உயிரைக் குடித்த அதே தாமதம் இங்கே வசதியாயிற்று. நாளுக்கு ஒருவேளை கொடுத்தாற் போதும். குருதியில் அளவு ஏறியிறங்காது நிற்கும். சிசு வளர வளர இக்காலம் சுருங்கி, சில மாதங்களில் வளர்ந்தவரின் நிலைக்கு வருகின்றது.

முப்பதாண்டுகள் இம்மருந்து பரவலாகக் கொடுக்கப்பட்டபின்னரும், அதன் நெடுநாள் விளைவு தெரியாதிருந்தது. பார்பரா சிமித் என்பவரின் தலைமையில், 500 முதல் 1,250 கிராம் வரை நிறையுடன் பிறந்த 2,006 சிசுக்களைப் பல நாடுகளிற் சேர்த்து, ஒருபாதிக்குக் கபீனும் மறுபாதிக்கு வெறும் உப்பு நீரும் கொடுத்து ஆராய்ந்தனர். 2007இல் வெளிவந்த முடிவின்படி, ஏறக்குறைய ஒன்றரை வயதில் இறப்போ பெருங்குறைபாடோ கண்டவை, கபீன் பெற்றோரில் நூற்றுக்கு 40; பெறாதோரில் 46. லொஸ் ஏஞ்சலிசில் தீமையைக் காட்டிய முறையே இங்கு நன்மையை உறுதிசெய்தது.

இடையில் ஒரு சறுக்கலும் நிகழ்ந்தது. 1982இல் அமெரிக்க வைத்தியசாலைகள் சிலவற்றில் மிகச் சிறிய குறைமாதச் சிசுக்கள் மூச்சுக்குத் திணறி, குருதி அமிலத்தன்மை மிகுந்து இறந்தன. கொடுத்த மருந்துகளிற் குற்றம் காணப்படவில்லை. ஊசிக் குழாய்களைக் கழுவிச் செலுத்திய உப்பு நீரில், அது கெடாதிருக்கும் பொருட்டுப் பென்சைல் அற்ககோல் என்ற பொருள் சிறிதளவு சேர்க்கப்பட்டிருந்தது. வளர்ந்தவரின் ஈரல் அதனை எளிதாக மாற்றிக் கழிக்கும். சிசுவின் ஈரலால் அது முடியவில்லை. மருந்தென்று எவரும் கருதாததொன்று மருந்தின் வேலையைச் செய்துவிட்டது. சாம்பற் குழந்தை நோய் பாடநூல்களில் ஏறி இருபதாண்டு கடந்தபின்னர் இது நிகழ்ந்தது என்பதை எண்ணும்போது, பாடநூலில் ஏறுவதும் கையில் ஏறுவதும் வேறுவேறு என்று தோன்றுகின்றது. அதற்குப்பின் இச்சேர்க்கை பிறந்த சிசுக்களின் பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்டது.

1960களிலேயே ஹரி ஷேர்க்கி என்ற அமெரிக்க வைத்தியர் குழந்தைகளை மருந்துலகின் அநாதைகள் என்றார். புதிய மருந்துகளை வளர்ந்தவரில் ஆராய்ந்து, குழந்தைகளுக்கு ஆராயாமலே கொடுப்பதை அவர் கண்டித்தார். ஆராய்ச்சியிலிருந்து குழந்தைகளைக் காக்கிறோம் என்ற பெயரில் ஒவ்வொரு குழந்தையும் கணக்கில் வராத ஆராய்ச்சிக்கு உள்ளாகின்றது என்பதே அதன் பொருள். 2002இல் அமெரிக்காவிலும் 2007இல் ஐரோப்பாவிலும் இதனை மாற்றும் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. எனினும் குறைமாதச் சிசுக்களின் விடுதிகளிற் கொடுக்கப்படும் மருந்துகள் பல, அவ்வயதுக்கென முறையாக ஆராயப்படாதவையாகவே இருந்துவருகின்றன. அங்கு வயதைக் கணக்கிடுவதுங்கூட ஒரு கலை. பிறந்து எத்தனை நாள் என்பது ஒரு கணக்கு; தாயின் வயிற்றில் இருந்த வாரங்களையும் சேர்த்து எத்தனை வாரம் என்பது மற்றொன்று. உறுப்பின் முதிர்ச்சி இரண்டையும் பார்க்கின்றது. பிறந்து பத்து நாளான இரு சிசுக்களில், 25 வாரத்திற் பிறந்ததும் 39 வாரத்திற் பிறந்ததும் ஒரே மருந்தை ஒரே வேகத்திற் கழிப்பதில்லை.

ஜென்ராமைசின் என்ற கிருமிகொல்லி சிறுநீரகத்தாலேயே வெளியேறுவது. தேங்கினாற் செவியையும் சிறுநீரகத்தையும் கெடுப்பது. 28 வாரத்திற் பிறந்த சிசுவுக்கு அதனைக் கொடுக்கும் தாதியின் அட்டவணையில் ஒரே சிசுவுக்கு மூன்று வரிகள் உண்டு. முதல் வாரத்தில் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை. இரண்டாவது வாரம் முதல் நான்காவது வாரம் முடியும்வரை 36 மணி நேரத்துக்கு ஒருமுறை. அதன்பின் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை.